முதுகு நிமிர்ந்தால் போதுமா? மூச்சு வேண்டாமா?

கூன் பாண்டியன் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மதுரையை ஆண்ட மன்னன் அவன். முதுகு கூனி இருந்ததால் ‘கூன் பாண்டியன்’ என்று பெயர் வந்தது. அரசி மங்கையர்க்கரசியார் அழைத்ததன் பேரில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தார். வைகைக் கரையில் பதிகம் பாடினார். மன்னனின் கூன் நிமிர்ந்தது. அன்று முதல் அவன் ‘நின்றசீர் நெடுமாறன்’ ஆனான். பெரிய புராணம் சொல்லும் கதை இது.

கூன் நிமிர்ந்ததும் கதை முடிந்துவிட்டது. கேட்பவர்களுக்கும் மனம் நிறைந்துவிடுகிறது.

ஆனால், இன்றைய டாக்டர்களுக்கு அதோடு மனம் நிறைவதில்லை. முதுகு வளைந்த ஒரு குழந்தையை அவர்களிடம் கொண்டு போனால், முதுகைப் பார்ப்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. குழந்தையின் நெஞ்சைப் பார்க்கிறார்கள். மூச்சை எண்ணுகிறார்கள். “இந்தக் குழந்தை நாற்பது வயதில் மாடிப்படி ஏறுமா? அப்போது இதற்கு மூச்சு போதுமா?” என்று யோசிக்கிறார்கள்.

கடந்த நூறு ஆண்டுகளில் இந்த வைத்தியத்தில் கருவிகள் பல மாறின. அவை எல்லாவற்றையும் விடப் பெரிய மாறுதல், டாக்டர்கள் கேட்கும் கேள்வி மாறியதுதான். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பிறவிக் கோணல்

முதுகு வளைவதற்குக் காரணங்கள் பல. காசநோய் முதுகெலும்பை அரித்துக் கூன் விழச் செய்யும். முதுமையில் எலும்பு தேய்ந்து கூன் விழும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமலே முதுகு பக்கவாட்டில் வளைவது உண்டு.

நாம் சொல்ல வந்தது இவை எதுவும் அல்ல. கருவிலேயே எலும்பு தவறாக உருவாகி, அதனால் வரும் வளைவு இது. பிறவிக் கோணல் என்று சொல்லலாம். டாக்டர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பிறவி ஸ்கோலியோசிஸ்’. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது என்பது கணக்கு.

சில குழந்தைகளுக்குப் பிறந்த அன்றே தெரியும். சில குழந்தைகளுக்கு நடக்கத் தொடங்கும்போது தெரியும். வேறு எதற்காகவோ நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வருவதும் உண்டு.

கருவில் ஒரு கடிகாரம்

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்கு அது. குழந்தையாக இருக்கும்போது மொத்தம் 33 எலும்புகள். இவற்றுக்கு முள்ளெலும்பு என்று பெயர். இவற்றில் நெஞ்சுப் பகுதியில் இருப்பவை 12. அந்தப் பன்னிரண்டில்தான் விலா எலும்புகள் வந்து சேர்கின்றன.

இந்த அடுக்கு எப்போது உருவாகிறது தெரியுமா? கரு உண்டான மூன்றாவது வாரத்தில் வேலை தொடங்குகிறது. ஆறாவது வாரத்திற்குள் அச்சு தயாராகிவிடுகிறது. பல தாய்மார்களுக்கு, தாம் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் தெரிய வரும்!

அந்தச் சின்னஞ்சிறு கருவில், தலைப்பக்கத்திலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு துண்டாகப் பிரிகிறது. அதுவும் ஒழுங்கான இடைவெளி விட்டுப் பிரிகிறது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுவது போல!

இது வெறும் உவமை அல்ல. 1997-ம் ஆண்டில், பிரான்ஸ் நாட்டில் மார்சேல் நகர விஞ்ஞானிகள் கோழிக் குஞ்சின் கருவில் இந்தக் கடிகாரத்தைக் கண்டுபிடித்தார்கள். 90 நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு ஜீன் விழிக்கிறது, தூங்குகிறது, மீண்டும் விழிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு பிரிகிறது. மனிதக் கருவில் இந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது என்று 2020-ம் ஆண்டில் ஆய்வுக்கூடங்களில் கண்டறிந்தார்கள்.

இந்தக் கடிகாரம் ஒரு சுற்றுத் தவறினால் என்ன ஆகும்? எலும்பு தவறிவிடும்.

அரைச் செங்கல்

தவறு இரண்டு விதமாக நேரும்.

கொத்தனார் சுவர் எழுப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் முழுச் செங்கல் வைக்க வேண்டிய இடத்தில் ஓர் அரைச் செங்கலை வைத்துவிட்டார். மறுபாதி காலி. அதன் மேல் கட்டும் சுவர், காலியான பக்கம் சாயத்தானே செய்யும்? முள்ளெலும்பில் ஒரு பாதி மட்டும் உருவாகி, மறுபாதி உருவாகாமல் போவது இது போலத்தான். இதை ‘அரை எலும்பு’ என்போம்.

இரண்டாவது தவறு, எலும்புகள் பிரியாமல் ஒட்டிக்கொள்வது. இரண்டு எலும்புகள் முழுவதும் ஒட்டிக்கொண்டால் பெரிய ஆபத்து இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வளர்ச்சி நிற்கும். ஆனால், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டால்? ஒட்டிய பக்கம் வளராது. ஒட்டாத பக்கம் வளரும். நாண் கட்டிய வில் போல முதுகு வளையும்.

இந்த இரண்டு தவறுகளும் சேர்ந்து வந்தால்தான் மிகவும் மோசம். ஒரு பக்கம் ஒட்டு. எதிர்ப்பக்கம் அரை எலும்பு. அந்தக் குழந்தைக்கு ஆண்டுதோறும் 5 டிகிரி, அதற்கு மேலும் கூட வளைவு ஏறும். பத்து வயதாகும்போது உடம்பு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தாய் மீது பழி வேண்டாம்

இப்படி ஒரு குழந்தை பிறந்ததும் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

“கிரகணத்தன்று வெளியே வந்தாளா?” “கனமான குடத்தைத் தூக்கினாளா?” “என்ன பாவம் செய்தாளோ?” எல்லாக் கேள்வியும் பெற்றவள் மீதே பாயும். குழந்தையைப் பார்த்து அழுதுகொண்டிருப்பவளுக்கு இது இரட்டைத் தண்டனை.

விஞ்ஞானம் சொல்வது வேறு. கிரகணத்திற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குடம் தூக்கியதற்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதும் இல்லை. ஓர் எலும்பு மட்டும் கோணலாகப் பிறந்த குழந்தைக்குத் தம்பி தங்கை பிறந்தால், அவர்களுக்கும் அப்படி ஆகும் என்று பயப்படத் தேவையில்லை என்கிறார்கள் டாக்டர்கள்.

பிறகு காரணம்தான் என்ன?

2015-ம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். ‘டி.பி.எக்ஸ்.6’ என்பது ஒரு ஜீனின் பெயர். அது பழுதாகி இருப்பதை, பிறவிக் கோணல் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேரிடம் அவர்கள் கண்டார்கள். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்று ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதியாக வரும் அல்லவா? அதில் ஒன்று முழுவதும் கெட்டு, மற்றொன்று சற்றே பலவீனமாக இருந்தால் எலும்பு தவறுகிறது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

அதற்கு முன்பே, 2012-ம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர விஞ்ஞானிகள் எலிகளை வைத்துச் சோதனை செய்தார்கள். கர்ப்பமான எலிகளுக்குச் சிறிது நேரம் பிராணவாயுவைக் குறைத்தார்கள். ஏற்கனவே ஒரு ஜீனில் குறை உள்ள குட்டிகளுக்கு முதுகெலும்புத் தவறு கூடுதலாக வந்தது. அதாவது, ஜீனும் சூழ்நிலையும் கைகோத்துக்கொண்டால் ஆபத்து அதிகம்.

கர்ப்பிணிக்கு நீரிழிவு கட்டுக்கு அடங்காமல் இருந்தால் ஆபத்து கூடும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் கூடும். அதற்காக யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் போய்ச் சொன்னால், மருந்தை மாற்றிக் கொடுப்பார்.

பெரும்பாலான குழந்தைகள் விஷயத்தில் இன்னதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. விரல் நீட்ட முடியாத இடத்தில் தாயை நோக்கி விரல் நீட்டுவது எந்த ஊர் நியாயம்?

வளருமா? நிற்குமா?

பெற்றோரின் அடுத்த கேள்வி, “இது இப்படியே இருக்குமா? இன்னும் வளையுமா?” என்பதுதான்.

1968-ம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநில டாக்டர்களான வின்டரும் மோவும் தம் சகாக்களுடன் சேர்ந்து 234 பேரை ஆராய்ந்து இதற்குப் பதில் தேடினார்கள். 1982-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டாக்டர் மக்மாஸ்டரும் இதைச் செய்தார். அவர்கள் சொன்னதன் சாரம் இது: பெரும்பாலான வளைவுகள் நிற்பதில்லை, வளர்கின்றன. எவ்வளவு வேகமாக வளரும் என்பது, எந்த வகைத் தவறு, முதுகில் எந்த இடத்தில், குழந்தைக்கு என்ன வயது என்பதைப் பொறுத்தது.

இரண்டு பருவங்களில் வளைவு வேகம் எடுக்கும். ஒன்று, பிறந்தது முதல் ஐந்து வயது வரை. மற்றொன்று, குழந்தை வயதுக்கு வரும் சமயம். உடம்பு வேகமாக வளரும்போது கோணலும் வேகமாக வளர்கிறது.

“வளர வளர நேராகிவிடும்” என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். பிறவிக் கோணலில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர். வளர வளரத்தான் வளையும்.

குட்டையானாலும் நேராக

இனி சிகிச்சைக்கு வருவோம்.

1911-ம் ஆண்டில் நியூயார்க்கில் டாக்டர் ஹிப்ஸ் ஓர் ஆபரேஷனைச் செய்தார். முள்ளெலும்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைக்கும் ஆபரேஷன் அது. முதலில் காசநோய்க் கூனுக்காகச் செய்தார். 1914-ம் ஆண்டில் பக்கவாட்டு வளைவுக்கும் செய்தார். எலும்புகள் ஒட்டிவிட்டால் அந்த இடம் மேலும் வளையாது. வளைவு அதோடு நின்றுவிடும்.

அந்தக் காலத்தில் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் மாதக்கணக்கில் மாவுக்கட்டில் படுத்துக் கிடந்தார்கள்.

1962-ம் ஆண்டில் ஹூஸ்டன் நகர டாக்டர் ஹாரிங்டன், முதுகில் இரும்புக் கம்பியைப் பொருத்தி நிமிர்த்தும் முறையை உலகுக்கு அறிவித்தார். போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக அவர் கண்ட வழி அது. ஆனால், பிறவிக் கோணலில் இப்படி இழுத்து நிமிர்த்துவது ஆபத்து. ஏன்? எலும்பு அடுக்கின் நடுவே தண்டுவடம் ஓடுகிறது. மூளையிலிருந்து கை கால்களுக்குச் செய்தி கொண்டுபோகும் கயிறு அது. பிறவிக் கோணல் உள்ள சில குழந்தைகளுக்கு அந்தக் கயிறும் எங்காவது ஒட்டிக்கொண்டோ, இரண்டாகப் பிளந்தோ இருக்கும். அது தெரியாமல் முதுகை இழுத்தால் கால்கள் செயல் இழந்துவிடும்.

இதற்கு 1973-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் ஒரு வழி கண்டார்கள். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆபரேஷன் பாதியில் நோயாளியின் மயக்கத்தைச் சற்றே தெளிய விடுவார்கள். “காலை அசை” என்பார்கள். கால் அசைந்தால், மீண்டும் மயக்கம் கொடுத்து வேலையைத் தொடருவார்கள். இன்று, ஆபரேஷன் முழுவதும் நரம்புகளில் மின்சாரச் செய்தி ஓடுகிறதா என்று கருவி வைத்தே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நாட்களில் டாக்டர்களிடம் ஒரு கொள்கை இருந்தது. “கோணலாக உயரமாக இருப்பதை விட, நேராகக் குட்டையாக இருப்பது மேல்” என்பது அது. அதனால் இரண்டு வயது, மூன்று வயதிலேயே நீளமான பகுதியை ஒட்ட வைத்தார்கள். முதுகு வளைவது நின்றது. எக்ஸ்ரே படம் நன்றாக இருந்தது. பெற்றோர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள். அப்போதுதான் வேறு ஒரு விஷயம் வெளியே வந்தது.

கூண்டு சிறுத்தது

நெஞ்சு ஒரு கூண்டு. பின்னால் முதுகெலும்பு, பக்கங்களில் விலா எலும்புகள், முன்னால் மார்பெலும்பு. அந்தக் கூண்டுக்குள் நுரையீரல் இருக்கிறது.

பிறந்த குழந்தையின் நெஞ்சுக் கூண்டு மிகச் சிறியது. வளர்ந்த மனிதனின் கூண்டில் நூற்றுக்கு 7 பங்கு கூட இருக்காது. ஐந்து வயதில் 30 பங்கு ஆகிறது. பத்து வயதில்தான் பாதி ஆகிறது. பிரான்ஸ் நாட்டு டாக்டர் டிமெக்ளியோ அளந்து சொன்ன கணக்கு இது. நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் உயரம் பிறக்கும்போது 11 சென்டிமீட்டர். ஐந்து வயதில் 18. ஆண் மகன் முழுதும் வளர்ந்தபின் 28.

இரண்டு வயதில் அந்தப் பகுதியை ஒட்ட வைத்தால் என்ன ஆகும்? முதுகெலும்பு வளராது. கூண்டும் வளராது. உள்ளே இருக்கும் நுரையீரலுக்கு இடம் கிடையாது. குழந்தை வளர்கிறது, ஆனால் மூச்சுப் பை வளரவில்லை!

2008-ம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகர டாக்டர்கள், சிறு வயதில் இப்படி ஆபரேஷன் ஆனவர்களை அழைத்து மூச்சுத் திறனை அளந்தார்கள். நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு 18 சென்டிமீட்டருக்கு மேல் வளராமல் நின்றவர்களில் பாதிப் பேருக்கும் மேல், சாதாரண மனிதரின் மூச்சுத் திறனில் பாதி கூட இல்லை. 22 சென்டிமீட்டர் வளர்ந்தவர்கள் நன்றாக இருந்தார்கள்.

ஆபரேஷன் தோற்கவில்லை. முதுகு நேராகத்தான் இருந்தது. ஆனால், மூச்சு போதவில்லை.

சான் அன்டோனியோ குழந்தை

இதற்கான திருப்பம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே ஓர் ஊரில் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு நகரம். 1987-ம் ஆண்டு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு கைக்குழந்தை மூச்சு இயந்திரத்தின் உதவியால் உயிரோடு இருந்தது. ஒரு பக்கத்து விலா எலும்புகள் பல இல்லை. முதுகும் வளைந்து இருந்தது. தானாக மூச்சு விட வழியில்லை.

குழந்தைகள் சர்ஜன் ஸ்மித், எலும்பு சர்ஜன் ராபர்ட் கேம்ப்பெல்லை அழைத்தார். இருவரும் சேர்ந்து யோசித்தார்கள். எலும்பு ஆபரேஷனுக்குப் பயன்படுத்தும் எஃகுக் கம்பிகளை எடுத்தார்கள். இல்லாத விலா எலும்புகளுக்குப் பதிலாக அவற்றை நெஞ்சில் பொருத்தினார்கள். கூண்டு விரிந்தது. பின்னர் அந்தக் குழந்தைக்கு மூச்சு இயந்திரம் தேவைப்படாமல் போயிற்று!

கேம்ப்பெல் அதோடு நிற்கவில்லை. குழந்தை வளருமே! கம்பி வளராதே! வளரும் கம்பி வேண்டும் என்று எண்ணினார். 1989-ம் ஆண்டில் டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த, நீட்டக்கூடிய விலா எலும்பைப் பொருத்தினார். ஒட்டிக்கிடக்கும் விலா எலும்புகளைப் பிரித்து, கூண்டைத் திறந்து, நடுவே இந்தத் தாங்குகட்டையை வைப்பார். நான்கு முதல் ஆறு மாதத்திற்கு ஒரு முறை சிறு ஆபரேஷன் செய்து நீட்டுவார். குழந்தை வளர வளரக் கூண்டும் வளரும்.

அமெரிக்க அரசு இதைப் பயன்படுத்த அனுமதித்தது 2004-ம் ஆண்டில். பதினைந்து ஆண்டுகள் சோதனை! கேம்ப்பெல் 2018-ம் ஆண்டில் காலமானார். அவர் டாக்டர்களுக்கு விட்டுச் சென்ற கருவியை விட, விட்டுச் சென்ற பாடம் பெரியது. முதுகும் விலாவும் நுரையீரலும் தனித்தனி அல்ல. மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

அரை எலும்பை எடுத்துவிட்டால்?

கோணலுக்குக் காரணம் ஒரே ஓர் அரை எலும்பு என்றால், அதையே எடுத்துவிடலாமே?

எடுக்கலாம். 1928-ம் ஆண்டிலேயே ஆஸ்திரேலிய டாக்டர் ராயில் இதைச் செய்து அறிவித்தார். ஆனால், தண்டுவடத்தின் பக்கத்தில் கத்தி வைக்கும் வேலை. ரத்தப்போக்கும் அதிகம். ஆகவே நீண்ட காலம் இதற்குப் பலர் துணியவில்லை. பிறகு துணிந்தவர்களும் நெஞ்சு வழியாக ஒரு முறை, முதுகு வழியாக ஒரு முறை என்று இரண்டு ஆபரேஷன் செய்தார்கள்.

2003-ம் ஆண்டில் ஜெர்மனி டாக்டர்களான ரூஃபும் ஹார்ம்ஸும், ஒரு வயது முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு முதுகு வழியாகவே, ஒரே ஆபரேஷனில் அரை எலும்பை எடுத்த முடிவுகளை வெளியிட்டார்கள். மேலும் கீழும் உள்ள எலும்புகளில் சிறு திருகாணி பொருத்தி இணைத்தார்கள். ஒட்ட வைத்தது சிறு பகுதி மட்டுமே. மற்ற எலும்புகள் தாராளமாக வளரலாம். வளைவின் பெரும்பகுதி நேரானது.

எனவே, ஒரே அரை எலும்பு இருந்து, வளைவு ஏறிக்கொண்டும் இருந்தால், இன்று பல டாக்டர்கள் காத்திருக்கச் சொல்வதில்லை. சிறு வயதில் சிறு ஆபரேஷன் போதும். பத்து ஆண்டு தள்ளிப் போட்டால், வளைவைத் தாங்க மற்ற எலும்புகளும் கோணிவிடும். அப்போது பெரிய ஆபரேஷன், பெரிய ஆபத்து.

காந்தக் கம்பி

பல எலும்புகளில் தவறு இருந்தால் கதை வேறு. நீட்டக்கூடிய கம்பிதான் வைக்க வேண்டும். ஆனால், ஆண்டுக்கு இரண்டு முறை குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, முதுகைத் திறந்து, கம்பியை நீட்டி, தைத்து அனுப்புவது என்றால்? குழந்தை படும் பாடு ஒரு பக்கம். புண்ணில் சீழ் பிடிப்பது, கம்பி நழுவுவது என்று தொல்லைகள் இன்னொரு பக்கம்.

2012-ம் ஆண்டில் ஹாங்காங் டாக்டர்கள் ஒரு புதுமையை அறிவித்தார்கள். கம்பிக்குள் ஒரு சிறு காந்தம். குழந்தை குப்புறப் படுத்துக்கொள்ளும். டாக்டர் வெளியே இன்னொரு காந்தக் கருவியை முதுகின் மேல் வைப்பார். உள்ளே இருக்கும் கம்பி மெல்ல நீளும். மயக்கம் இல்லை, கத்தி இல்லை, தையல் இல்லை! 2014-ம் ஆண்டில் அமெரிக்காவும் இதை அனுமதித்தது.

ஆனால், இதற்கும் மறுபக்கம் உண்டு. வெளியே எடுத்த கம்பிகளைச் சோதித்தபோது, உள்ளே உலோகம் தேய்ந்து தூள் உதிர்ந்திருப்பதைக் கண்டார்கள். 2020-ம் ஆண்டில் பிரிட்டன் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அங்கே புதிதாக இந்தக் கம்பியை வைப்பதை நிறுத்தி வைத்தது. குழந்தைக்கு நல்லது என்று வந்த கருவியையும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

குறை இல்லாத கருவி இன்னும் வரவில்லை. ஆகவே இன்றைய டாக்டர், குழந்தைக்குக் குழந்தை கணக்குப் போடுகிறார். எந்த வளைவைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம்? எதை உடனே எடுக்க வேண்டும்? எதை மாவுக்கட்டுப் போட்டுச் சில ஆண்டுகள் தள்ளலாம்? எதற்குக் கம்பி? இந்தக் கணக்கில் மிக முக்கியமான எண், குழந்தையின் வயது. ஆறு மாதக் குழந்தையாகக் கொண்டுவந்தால் டாக்டர் கையில் பல வழிகள் இருக்கும். பன்னிரண்டு வயதில் கொண்டுவந்தால் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

முதுகோடு போகாது

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. முதுகெலும்பு உருவாகும் அதே வாரங்களில்தான் இருதயமும் சிறுநீரகமும் உருவாகின்றன. ஆகவே, முதுகில் தவறு இருந்தால் அவற்றிலும் தவறு இருக்கலாம். இந்தக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்காவது சிறுநீரகத்திலோ, இருதயத்திலோ, தண்டுவடத்திலோ ஏதாவது ஒரு குறை இருக்கும்.

அதனால்தான் டாக்டர், வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். இருதயத்தை எக்கோ எடுக்கச் சொல்கிறார். முதுகை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். “முதுகுக்கு வந்தால் வயிற்றைப் பார்க்கிறாரே, பணம் பிடுங்கவா?” என்று சந்தேகப்பட வேண்டாம். இந்தச் சோதனைகளைக் கேட்காத டாக்டரிடம்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

முதல் டாக்டர் பாட்டி

இந்தியாவில் 2013-ம் ஆண்டில் மத்திய அரசு குழந்தைகளுக்கான ஒரு பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ‘ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம்’ என்று பெயர். பிறந்தது முதல் 18 வயது வரை, அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் டாக்டர் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தொடங்கியபோது அந்தத் திட்டம் பெயர் சொல்லிக் குறித்த பிறவிக் குறைகள் 9. முதுகில் நரம்புக் குழாய் மூடாமல் பிறப்பது அதில் இருக்கிறது. முதுகெலும்புக் கோணலைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.

ஆகவே, டாக்டர் குழு வரும்போது பெற்றோரே வாய் திறந்து, “முதுகையும் ஒரு முறை பாருங்கள்” என்று கேட்பது நல்லது. சட்டையைக் கழற்றிக் குழந்தையைக் குனியச் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். செலவு ஒரு காசும் இல்லை.

எதைப் பார்ப்பது?

ஒரு தோள் உயர்ந்து, ஒரு தோள் தாழ்ந்து இருக்கிறதா? குழந்தையைக் குனியச் சொன்னால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா? இடுப்பு ஒரு பக்கம் மடிந்து இருக்கிறதா? முதுகின் நடுவே மயிர்க்கற்றையோ, ஆழமான குழியோ, சிவந்த மச்சமோ உண்டா? பால் குடிக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நீவி விட்டால் நேராகாது. பட்டை கட்டினாலும் நேராகாது. கோணல் சதையில் இல்லை. எலும்பின் பிறப்பில் இருக்கிறது. அழுத்தி இழுத்து நீவினால் தீமை வரலாம்.

கூன் பாண்டியன் நிமிர்ந்ததைக் கண்டு மதுரை மக்கள் மகிழ்ந்தார்கள். நம் வீட்டுக் குழந்தை நிமிர்ந்தால் மட்டும் போதாது. ஓட வேண்டும், பாட வேண்டும், மூச்சு முட்டாமல் மாடிப்படி ஏற வேண்டும். அதற்கு வைத்தியம் இன்று இருக்கிறது. வேண்டியது காலத்தில் கண்டுபிடிக்கும் கண் ஒன்றுதான்.

அந்தக் கண் முதலில் பாட்டியிடம் இருக்கிறது. பேரக் குழந்தையைக் காலில் குப்புறக் கிடத்தி எண்ணெய் தேய்ப்பவர் அவர்தானே? அடுத்த முறை தேய்க்கும்போது, கழுத்திலிருந்து இடுப்பு வரை நடுமுதுகில் ஒரு விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்கட்டும். விரல் நேராகப் போனால் சந்தோஷம். வளைந்து போனால், எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லட்டும்.